சாயம் போகாத மஞ்சள் நூல்

1

இன்று ஆடிக் கிருத்திகை. ஜப்பானின் கோபே நகரத்தில் இது தெரிந்த ஆள் அநேகமாக நான் ஒருவன்தான். நான் கிறிஸ்தவன், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆனாலும் திருத்தணியில் பிறந்துவிட்டுக் கிருத்திகையை மறக்க முடியுமா? அன்றைக்கு அரக்கோணம் வண்டியில் நிற்க இடம் இருக்காது. மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

காலையில் பின்பக்கம் போனேன். இங்கே துணி உலர்த்தக் கொடி கட்டுவதில்லை. நீள மூங்கில் கழியில் கோத்து வெயிலில் வைப்பார்கள். என் மகள் ரூத்தின் பாவாடை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. கைலித் துணியில் அவள் அம்மா தைத்துக் கொடுத்தது. நீலமும் கறுப்பும் சிவப்புமாகக் கட்டம், ஓரத்தில் ஒரே ஒரு மஞ்சள் நூல். தைத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு தரம் தோய்க்கிறார்கள். அந்த மஞ்சள் இன்னும் அப்படியே இருக்கிறது.

அது இருக்கக் கூடாது. முதல் தோய்ப்பிலேயே போயிருக்க வேண்டும். அது போகாமல் இருப்பதால் ஆர்.கே.பேட்டையில் என் சிநேகிதன் ஒருவனுடைய பேர் கெட்டுக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் அரிசிக்கு நிற்கும் வரிசையைப் பற்றியும் செர்ரிப் பூவைப் பற்றியும் முன்பெல்லாம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இன்றைக்கு அதற்கெல்லாம் மனசு இல்லை. இந்த மஞ்சள் நூலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

சிநேகிதன் பெயர் ஏழுமலை. எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு ஒரு பக்கம், தெலுங்கு வகுப்பு ஒரு பக்கம். நடுவில் ஒரு தட்டி. நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். தட்டியில் இருந்த ஓட்டை வழியாகப் பலப்பம் மாற்றிக்கொள்வதில் தொடங்கிய சிநேகம். வீட்டில் அவன் பேசுவது தமிழ், எழுத வந்தது தெலுங்கு. இன்றுவரை தமிழ் எழுத்து அவனுக்குப் படிக்க வராது. உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் நான் அவனுக்குப் பாவா, அவன் எனக்குப் பாவா; தெலுங்கில் மச்சான் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் என் மனைவி எஸ்தர் அவனுக்குத் தங்கச்சி.

அவன் வீட்டில் ஒன்பது தறி. கைலி நெய்து பினாங்குக்கு அனுப்புகிறவர்கள். அவன் நைனா என்று கூப்பிடுகிற அப்பாவின் காலத்திலிருந்து பினாங்கில் ஒரே கடைக்காரர் வாங்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுப் பாவு போடுவது கிருத்திகையன்றுதான். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அன்றைக்கு வீட்டோடு விரதம். எல்லா நூலும் கெட்டிச் சாயம் போட்டது. ஓரத்தில் ஒரே ஒரு நூலை மட்டும் மஞ்சள் கிழங்கு அரைத்த தண்ணீரில் நனைத்துச் சேர்ப்பார்கள். மலைமேல் இருக்கிற முருகனுக்கு அது. கிழங்கு மஞ்சள் எத்தனை நாள் நிற்கும்? ஒரு தோய்ப்பில் போய்விடும். போனால்தான் அவர்களுக்குத் திருப்தி. "அவனுது அவன் எடுத்துக்கினான்" என்பான் ஏழுமலை.

பினாங்குக் கடைக்காரர் சரக்கைப் பார்ப்பதும் அதை வைத்துத்தான். கைலியின் மூலையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பாராம். விரலில் மஞ்சள் ஒட்டி, வேறு எந்த நிறமும் ஒட்டாமல் இருந்தால் அது ஏழுமலை வீட்டுச் சரக்கு. மேற்கொண்டு கேள்வி கிடையாது.

எந்த நிறத்தில் எத்தனை நூல், எந்த வரிசையில் என்பதுதான் பாவுக் கணக்கு. அதை அவர்கள் எழுதி வைப்பதே இல்லை. வீட்டு மாப்பிள்ளைக்குக்கூடப் பிள்ளை பிறந்த பிறகுதான் சொல்வார்களாம். ஏழுமலையின் அக்காள் புருஷன் மூன்று வருஷம் காத்திருந்தான் என்று ஊரில் சிரிப்பார்கள்.

3

என் பிழைப்பு இங்கே மொழிபெயர்ப்பு. துணி ஏற்றுமதி செய்கிற ஒரு பம்பாய் முதலாளியின் ஆபீஸில் இங்கிலீஷை ஜப்பானிய மொழியிலும் அதை இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி எழுதுகிறேன். பதினைந்து வருஷமாக இதுதான் வேலை. இந்த மொழி என் வாயில் இன்னும் சரியாக உட்காரவில்லை. வார்டு ஆபீஸில் பேர் பதிய வேண்டும். ஞானமுத்து என்றேன். எழுதின குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். இவர்கள் பூனை கத்துவதை 'ஞா' என்றுதான் எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில் ரூத்தைப் பூனை வீட்டுப் பெண் என்று கூப்பிட்டுத் தீர்த்துவிட்டார்கள். அவள் ஒரு நாள் வந்து, பேரை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். ஜப்பானிய மொழியில்தான் கேட்டாள். தமிழில் பேசினால் புரிந்துகொள்கிறாள்; பதில் மட்டும் அந்தப் பாஷையில் வருகிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஏழுமலையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு சென்னையில் நல்ல சாயம் கிடைப்பதில்லை, ஜப்பானில் கிடைத்தால் அனுப்ப வழி செய் என்று கேட்டிருந்தான். இல்லாவிட்டால் கைலி வெளுக்கும், பினாங்குக்காரர் கைவிட்டுவிடுவார். இதைக் கேட்டு நான் சும்மா இருப்பேனா? மனு போட்டேன். இங்கே இப்போது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ராஜ்யம். மனு இங்கிலீஷில் ஏழு பிரதி வேண்டும். சாயம் செய்கிறவனுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு பிரதி வேண்டும். அதற்குள் எத்தனை ஜன்னல், எத்தனை முத்திரை! ஒரு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. ஒரு கைலிக்கு எந்த நிறம் எவ்வளவு ஆகும் என்று கணக்கு இல்லையாம். தொட்டிக்கு இவ்வளவு என்று நாங்கள் எழுதியதை அவர்கள் ஒப்பவில்லை. நூல் எண்ணிக்கையைக் கொடு என்றார்கள்.

ஏழுமலைக்கு எழுதினேன். மூன்று மாதம் பதிலே இல்லை. பிறகு வந்தது. அரக்கோணம் ரயில்வே குமாஸ்தா ஒருவர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த நாலு பக்கம். பாவுக் கணக்கு முழுக்க அதில் இருந்தது. கூடவே தமிழில் ஒரு துண்டுக் காகிதம். அவன் வாய் பேசுவதை யாரோ அப்படியே எழுதியிருந்தார்கள்: "வூட்ல பெரியவங்களுக்குச் சொல்லாம குடுக்கறேன் பாவா. உன் கையிலதான போவுது, அதனால குடுக்கறேன்."

4

அந்த நாலு பக்கத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. ஃபாஸ்ட். அந்தக் குமாஸ்தாவுக்கு அந்த வார்த்தை மேல் என்ன ஆசையோ தெரியவில்லை. எங்கள் சாயம் ஃபாஸ்ட் என்றார். பதிலை ஃபாஸ்டாக அனுப்பவும் என்றார். கிருத்திகையன்று நெசவாளர்கள் ஃபாஸ்ட் இருப்பார்கள், அன்றைக்கு நம் தெய்வத்துக்கென்று சேர்க்கும் மஞ்சள் மட்டும் ஃபாஸ்ட் இல்லை, அதை அப்படியே விட்டுவிடவும் என்றார். நம் ஊரில் கெட்டிச் சாயம், சீக்கிரம், விரதம் என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். அவர் பாட்டுக்கு ஒன்றையே போட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தேன். சீக்கிரத்துக்கு 'ஹயாய்'. அது பிரச்சினை இல்லை. சாயத்துக்கு என்ன போடுவது? 'கதாய்' என்றால் கெட்டி. ஆனால் கல்லுக்கும் ரொட்டிக்கும் சொல்வது. சாயத்துக்கு அதைப் போட்டால் சிரிப்பார்களோ என்று சந்தேகம். ரூத்தைக் கேட்டேன். நன்றாகத் தூங்குகிறவனைக்கூட இங்கிலீஷில் ஃபாஸ்ட் என்கிறார்களே, அதற்கு 'குஸ்ஸுரி' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். விரதத்துக்கு 'தன்ஜிகி'. அதுவும் தெரியும்.

அந்த வார்த்தையை எழுதத்தான் கை வரவில்லை. அப்போது இந்த ஊரில் ஜனங்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சோறு இருக்கும்போதே சாமிக்காகச் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கிறிஸ்தவன் என்கிற நினைப்பும் கொஞ்சம் இருந்தது. முருகனைப் பற்றி நான் எதற்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்? சாயப் பட்டறைக்காரனுக்கு விரதமும் தெய்வமும் எதற்கு என்று அந்தப் பாதியை விட்டுவிட்டேன். மஞ்சள் மட்டும் கெட்டிச் சாயம் இல்லை, அதை விட்டுவிடவும் என்று மட்டும் எழுதினேன்.

கெட்டிச் சாயத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதைக் கேட்கத்தான் மோரிதாவிடம் போனேன்.

5

மோரிதாவைப் பற்றி நான் முன்பு எழுதியதே இல்லை. நல்லவர்களைப் பற்றி எழுத நமக்கு எப்போது நேரம் கிடைக்கிறது?

கோபேயிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் ஒரு நெசவு ஊர். அங்கே அவருக்கு ஒரு சின்னச் சாயப் பட்டறை. யுத்தத்தின் கடைசி வருஷத்தில் குண்டு விழுந்து எங்கள் தெரு முழுக்க எரிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் கிடந்தோம். ஆபீஸ் வேலையாக ஏழெட்டுத் தரம் பார்த்த பழக்கம்தான் அவரோடு எனக்கு. எங்கேயோ கேள்விப்பட்டுத் தேடி வந்தார். கைவண்டியில் எஸ்தரையும் ரூத்தையும் உட்கார வைத்து ரயில் நிலையம்வரை இழுத்துக்கொண்டு போனார். அவருடைய பட்டறையில் நாலு மாதம் இருந்தோம். தொட்டிகள் காலியாக இருந்தன. விறகு இல்லை, நூல் இல்லை. கிழங்கு வெந்தால் முதல் துண்டு ரூத்துக்கு. அவள் பழைய நீலத் தொட்டியில் கையை விட்டு விளையாடுவாள். கை நீலமாகிப் பல நாள் போகாது. அவர் பார்த்துச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட மனுஷர். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

ஜப்பானிய மொழியில் நான் எழுதியிருந்த காகிதத்தைக் காட்டினேன். அவர் படித்தார். இரண்டாம் தரம் படித்தார். சாயத் தொழிலில் அதற்கு 'கென்ரோ' என்று பேர் என்று சொல்லி எழுதியும் காட்டினார். இரண்டு எழுத்து. அதில் இரண்டாவது எழுத்து ஜெயிலுக்கும் அதே எழுத்து என்று ரூத் பிறகு சொன்னாள். நிறத்தை உள்ளே போட்டுப் பூட்டுவது போலிருக்கிறது. நல்ல வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தெந்த நிறத்தில் எவ்வளவு சாயம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், காகிதத்தை இரண்டு நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நானே நீட்டினேன். இரண்டு கையாலும் நீட்டினேன். இங்கே மரியாதைக்கு அப்படித்தான் கொடுக்க வேண்டும்.

6

மனு மறுபடியும் போனது. உள்ளே எந்த மேஜையில் கிடக்கிறதோ, இன்றுவரை பதில் இல்லை.

மனு அங்கே கிடக்கையில் போன வருஷம் கோடை ஆரம்பத்தில் மோரிதா வீட்டுக்கு வந்தார். சதுரத் துணியின் நாலு முனையையும் முடிந்த ஒரு பொட்டலம். சம்பிரதாயப்படி, ஒன்றுமில்லாத அற்பப் பொருள் என்று சொல்லித் தாழ்ந்து வணங்கி வைத்தார். எஸ்தர் பிரித்தாள். கைலித் துணி. அதே நீலம், அதே கறுப்பு, அதே சிவப்பு. ஓரத்தில் மஞ்சள் நூல்.

ஏழுமலை அனுப்பின துணியோ என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. இழை ஒன்றுபோல் வழவழவென்று இருந்தது. மில் துணி.

அவர்கள் ஊரில் ஒரு மில் விசைத்தறி ஓட்ட ஆரம்பித்திருக்கிறது. வெளிநாட்டுக்கு விற்க ஒரு மாதிரி வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். இவர் என் காகிதத்தைக் கொடுத்திருக்கிறார். நூல் முழுவதற்கும் சாயம் போடுகிற வேலை இவருக்கு. மூன்று வருஷம் கழித்து அடுப்பு எரிகிறது, ஆறு பேர் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எங்கே விற்கிறார்கள் என்று கேட்டேன். பினாங்கு என்றார்.

இது என் சிநேகிதன் வீட்டுக் கணக்கு என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஆமாம், அதனால்தான் முதல் துணியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், முத்து சான்," என்றார் அவர். "உங்கள் எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது. மஞ்சளுக்கு மட்டும் உங்கள் ஊரில் நல்ல சாயம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போது எனக்குப் பாவமாக இருந்தது. அதையும் கென்ரோவாக்கிவிட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். சந்தோஷப்படுவேன் என்று நிஜமாகவே எதிர்பார்த்தாரோ, அல்லது செய்ததை மூடத்தான் அந்தப் பொட்டலமோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். கிழங்கில் முதல் துண்டை என் குழந்தைக்குக் கொடுத்த மனுஷர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதானே கேட்கவில்லை? நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். இவர் அறுத்துவிட்டு, துடைக்கத் துணியும் கொண்டுவந்து கொடுத்தார்.

சண்டை போட்டிருக்க வேண்டும். பொட்டலத்தைத் தூக்கி வாசலில் எறிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'அரிகாதோ' என்றேன். நன்றி சொன்னேன். வாய் பழகிவிட்டது.

துணிப் பஞ்சக் காலம். இரண்டாம் வாரம் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், ரூத் அந்தப் பாவாடையில் நிற்கிறாள். எஸ்தரிடம் நான் விவரம் சொல்லியிருக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு சொன்னேன். ரூத்தும் கேட்டுக்கொண்டிருந்தாள். மோரிதா மாமா என்ன தப்பு செய்தார், முன்பைவிட நல்ல துணியாகத்தானே ஆக்கியிருக்கிறார் என்று கேட்டாள். அவளைக் கோபித்து என்ன செய்வது? கிருத்திகை என்றால் என்ன என்று அவளுக்கு நான் ஒரு நாளும் சொன்னதில்லை. மோரிதாவுக்குச் சொல்லாததைப் போலவே அவளுக்கும் சொல்லவில்லை.

7

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏழுமலையின் கடிதம் வந்தது. அப்படியே தருகிறேன்.

"பாவா, நல்லா கீறியா. தங்கச்சி, கொயந்த எல்லாம் சொகமா. இங்க ஒண்ணும் சரியில்ல. பினாங்குல இருந்து நாலு பேல் சரக்கு திரும்பி வந்துட்டுது. தேச்சா மஞ்சா ஒட்டுதாம், போலி சரக்காம். எங்க நைனா காலத்துல இருந்து வாங்கிக்கினு இருந்தவன், என்னப் போயி போலின்றான். ஜப்பான்ல இருந்து நூலுக்கு நூலு நம்ப கைலி வருதாம் பாவா. அதுல மஞ்சா போவலயாம். அதான் அசலு, எங்களுதுதான் போலின்னு கடைக்கு வர்றவன்லாம் சொல்றானாம். எவனோ நம்ப கணக்கக் குடுத்துட்டுக்கீறான். இங்க யாரும் குடுக்கல. நம்ப காயிதம் உன் கையில கீது, அதுல பயமில்ல. அங்கதான் எவனோ பூந்துட்டுக்கீறான். உனக்கு அவங்க பேச்சு தெரியும். யாருன்னு விசாரிச்சி எழுது. உன்ன வுட்டா எனக்கு அங்க யாரு கீறாங்க. ஆடிக் கிருத்திகைக்குப் புதுப் பாவு போடணும். மஞ்சா நூலு சேக்கறதா வாணாமான்னு வூட்ல ஒரே ரகள. சேத்தா சரக்கு திரும்பி வரும். சேக்கலன்னா சாமிக்கு இன்னா பதில் சொல்றது. ஏழு தறி நின்னுடுச்சி. நீ சொன்னாதான் நான் ஏதாச்சும் செய்வேன்."

பதில் எழுத ஐந்து தரம் உட்கார்ந்தேன். மனு ஆபீஸிலிருந்து காகிதம் கசிந்திருக்கும் என்று ஒன்றில் எழுதினேன். அரக்கோணம் குமாஸ்தாவின் மேல் பழியைப் போட்டு ஒன்று எழுதினேன். அந்தப் பாவி மனுஷனை நான் பார்த்ததுகூட இல்லை. ஐந்தையும் கிழித்துவிட்டு ஒரே ஒரு கார்டு அனுப்பினேன். 'விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.' மோரிதா எனக்குச் செய்ததை எண்ணி எண்ணிக் குமுறிக்கொண்டிருந்தவன், ஏழுமலைக்கு இப்படி ஒரு வரி அனுப்பிவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

இன்றைக்கு அங்கே பாவு போட்டிருப்பார்கள். மஞ்சள் நூலைச் சேர்த்தார்களோ இல்லையோ, தெரியாது. என் பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு ஏதோ ஒன்றைச் செய்திருப்பான்.

ஆர்.கே.பேட்டையில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களில் யாராவது ஏழுமலை வீட்டுக்குப் போய் இதைப் படித்துக் காட்டுங்கள். யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். மிச்சமிருக்கிற தறி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லிவிட்டுப் படியுங்கள். சத்தத்தில் காதில் விழாது. மோரிதா பேர் வந்ததும் எழுந்து நின்று திட்ட ஆரம்பித்துவிடுவான். ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வான். அங்கே நிறுத்திவிடாதீர்கள். திட்டி முடிக்கட்டும். பிறகு உட்கார வைத்து இதையும் படியுங்கள்.

விசாரிச்சிட்டேன் பாவா. குடுத்தது நான்தான்.